தாத்தா தோற்கடித்த முதலமைச்சர்

தாத்தா காலமான மறுநாள், மகாராஜபுரம் பஸ் ஸ்டாப் சுவரில் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அமைதியின் உருவம், வாய்மையின் வடிவம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. யாரோ அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினார்கள். "போட்டோ நம்ம வீட்டு ஆளுதான். எழுத்து வேற யாருக்கோ எழுதினது" என்றாள்.

வாய்மைக்கும் தாத்தாவுக்கும் பங்காளிப் பகை. பொய் சொல்லிப் பத்து பைசா சம்பாதித்தவரில்லை, யார் குடியையும் கெடுத்தவருமில்லை. இந்த வட்டாரத்தில் நடந்த எதிலும் தனக்கு இடமில்லாமல் போனதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. அதனால் வரலாற்றில் எந்த பஸ் புறப்பட்டாலும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஒரு சீட்டைப் பிடித்துவிடுவார்.

ரேடியோவில் மகாராஜபுரம் சந்தானம் பாடினால், "நம்ம ஊர்க்காரரு" என்பார். சந்தானத்தின் மகாராஜபுரம் தஞ்சாவூர்ச் சீமையில் இருக்கிறது. நம்முடையது வத்திராயிருப்பிலிருந்து சதுரகிரி மலைக்குப் போகிற வழியில். இதை ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னபோது தாத்தா அசரவில்லை. "ஊரு அதுவா இருக்கலாம். குரல் இந்தத் தண்ணி." இத்தனைக்கும் தாத்தாவுக்கே இது சொந்த ஊர் கிடையாது. திருவில்லிபுத்தூரிலிருந்து அப்பத்தாவுக்கு வாக்கப்பட்டு, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இறங்கியவர்.

அவருடைய பெரிய சாதனை 1952இல் நடந்தது. ராஜபாளையத்துக்காரரான பி. எஸ். குமாரசாமி ராஜா அப்போது சென்னை மாநில முதலமைச்சர். 1949இல் பதவிக்கு வந்தவர். 1952 பொதுத் தேர்தலில் திருவில்லிபுத்தூரில் நின்று தோற்றுப்போனார். இவ்வளவும் நிஜம். தோற்கடித்தது தாத்தா என்பது தாத்தா சொன்னது.

அந்தத் தேர்தலில் சீட்டில் முத்திரை குத்துகிற வழக்கமில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. கையில் கொடுக்கிற சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். தாத்தாவின் அம்மாவுக்குக் கண்ணில் புரை. மகனைத் துணைக்கு அழைத்துப் போய், "காளை மாட்டுப் பெட்டியில போடுடா" என்று சீட்டைக் கொடுத்தாளாம். காங்கிரசுக்கு அப்போது இரட்டைக் காளைச் சின்னம். அன்றைக்குக் காலையில்தான் வீட்டு மாடு தாத்தாவை உதைத்திருந்தது. அந்த ஆத்திரத்தில் பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். "ஒத்த ஓட்டுல போயிட்டாரு மனுசன்" என்று முடிப்பார், தொண்டை கரகரக்க.

தாத்தா பிறந்தது 1935. ஓட்டுப்போட 21 வயது ஆகவேண்டியிருந்த காலத்தில் அவருக்கு 17. அதனால்தான் கதைக்கு ஒரு கண் தெரியாத அம்மா தேவைப்பட்டாள் என்பது என் கணிப்பு. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது இதை நம்பி வரலாற்றுப் பரீட்சையில் எழுதி முட்டை வாங்கி வந்தார். தாத்தா நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். சாயங்காலம் வரை வாத்தியாரிடம் பேசி, அரை மார்க்கோடு திரும்பினார்.

தோற்ற ராஜா 1954இல் ஒரிசா கவர்னரானார். "நான் தோற்கடிக்கலேன்னா ஆகியிருப்பாரா?" என்பார் தாத்தா. ஆனால் ராஜபாளையம் போனால், ராஜா தன் வீட்டையே ஊருக்குக் கொடுத்த காந்தி கலை மன்றத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார். "மன்னிச்சுக்கோங்கய்யா. மாடு உதைச்சிருச்சு." செய்யாத குற்றத்துக்கு இவ்வளவு உருக்கமாக மன்னிப்புக் கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

ஆண்டாள் தேர் நிலைக்கு வர நாள்கணக்கில் ஆன காலத்தில், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டதும் தான்தான் என்பார். "வீட்டுல எல்லாத்துக்கும் அவருதான போட்டாரு" என்பாள் அப்பத்தா. அரசு முத்திரையில் இருப்பது திருவில்லிபுத்தூர்க் கோபுரமில்லை, மதுரை மேலைக் கோபுரம் என்று வாதாடிய ஒரு மாப்பிள்ளைக்கு அன்றைக்குச் சாப்பாட்டில் அப்பளம் கிடைக்கவில்லை. 2019இல் திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், சர்க்கரை வியாதிக்காரரான தாத்தா டாக்டரிடமே கேட்டார்: "கவர்மென்ட் சர்ட்டிபிகேட் குடுத்த பொருளு சார், அதுல என்ன செஞ்சிரப் போகுது?"

இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் புலியில்தான். இளவட்டமாக இருந்தபோது, ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிற வழியில், தாணிப்பாறைக்கு மேலே புலியை நேருக்கு நேர் பார்த்தாராம். அதட்டினாராம், அது திரும்பிப் போய்விட்டதாம். "அது செவலைக் கன்னுக்குட்டி. கட்டுத்தறியில இருந்து அவுத்துக்கிட்டு ஓடினது" என்பது அப்பத்தாவின் சாட்சியம். 1988இல் அரசாங்கம் அந்த மலையைச் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவித்தபோது குடும்பத்துக்குக் கொண்டாட்டம். "நீங்க பார்த்தது அணிலுப்பா" என்று அப்பா ஆரம்பித்துவைத்தார். முப்பது வருஷத்துக்கும் மேல் புலிப் பேச்சு எடுத்தாலே பேரன் பேத்திகள் அணில் மாதிரி கொறித்துக் காட்டுவோம். கோபப்படமாட்டார். "காலம் வரும்" என்பார்.

வந்தது. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே 51ஆவது. தாத்தா சவரம் செய்து, சலவை வேட்டி கட்டி, தினத்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சிரித்தவர் வீடு ஒன்று பாக்கியில்லை. ஒவ்வொரு திண்ணையிலும் தாளை விரித்து, செய்தியில் விரலை வைத்து, வாயைத் திறக்காமல் நின்றார். வாழ்நாளில் அவர் வாயைத் திறக்காமல் ஜெயித்த வழக்கு அது ஒன்றுதான். கடைசியாக வீட்டுக்கு வந்து அப்பத்தா முன்னால் விரித்தார். அவள் முறத்திலிருந்து நிமிரவில்லை. "இப்பத்தான் அறிவிச்சிருக்கான். அன்னிக்குப் பார்த்தது கன்னுக்குட்டிதான்."

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்திருந்த கொள்ளுப்பேத்தி, படத்துக்கு மாலை போட்டு முடித்ததும் அப்பத்தா மடியில் ஏறிக் கேட்டாள்: தாத்தா நிஜமாவே புலியப் பார்த்தாரா? அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு இலை போடுகிற பக்கம் திரும்பினார். அப்பத்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒன்னு இல்லடி, ரெண்டு. பெருச அவரு பார்த்துக்கிட்டாரு. சின்னத நான்தான் வெளக்குமாத்தால வெரட்டினேன்."