பதினொரு மணிக்குக் கூட்டம்

எங்கள் ஊரில் முன்பெல்லாம் கூட்டம் போடக் காரணம் வேண்டும். இப்போது தேதி இருந்தால் போதும்.

நான் சொல்வது எழுபதுகளை. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம். அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். ஏரி மதகு ஒழுகும், ஆடியில் கூழ் வார்க்கத் தலைக்கட்டு வரி போட வேண்டியிருக்கும், யாராவது பக்கத்து வரப்பைத் தள்ளி உழுதிருப்பார்கள். இதில் ஒன்று நடந்தால் கூட்டம். எதுவும் நடக்காவிட்டால் கூட்டமும் இல்லை. ஊராட்சி என்று ஒன்று சட்டப்படி இருந்தது. ஆனால் 1970-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்த பிறகு அடுத்த தேர்தல் 1986-இல்தான் வந்தது. நான் பள்ளிக்கூடம் சேர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டேன்; அதுவரை ஊருக்குத் தேர்தல் வரவில்லை. அதற்காக ஊர் கவலைப்பட்டதாகவும் நினைவில்லை. பெரியதனக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தேர்தலும் கிடையாது, பதவிக்காலமும் கிடையாது.

கூட்ட அறிவிப்பு தண்டோராதான். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் தெருமுனைக்குத் தெருமுனை நின்று தமுக்கடித்து, சகலமானவர்களுக்கும் தெரிவிப்பார். நேரம் மணிக்கணக்கில் சொல்லப்படாது; சோறு தின்ற பிறகு என்றால் எல்லாருக்கும் புரியும். இடம் மாரியம்மன் கோயில் முன்னால் இருந்த மேடை. பெட்ரோமாக்ஸ் விளக்கில் மண்ணெண்ணெய் தீரும்வரை பேச்சு நடக்கும்.

சகலமானவர்களுக்கும் சொன்ன அந்தப் பெரியவர் மேடைக்குக் கீழே, வெளிச்சம் முடிகிற இடத்தில் நிற்பார். அவர் குடியிருந்த தெருவில் மட்டும் தண்டோரா போட்டதே கிடையாது. அங்கே சொல்ல வேண்டியது வேறு: மறுநாள் ஏரி வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும், அவ்வளவுதான். ஊர் முழுக்கக் கூட்டத்துக்கு அழைத்தவர் மட்டும் கூட்டத்தில் இல்லை. இந்த விசித்திரம் அன்றைக்கு ஒருவர் கண்ணிலும் படவில்லை, என் கண் உட்பட.

பெண்களும் கிடையாது. எங்கள் ஆயா திண்ணையில் உட்கார்ந்தபடியே முழுக் கூட்டத்தையும் கேட்டுவிடும். தாத்தா திரும்பி வந்ததும் விசாரணை தொடங்கும்.

“மதகுக்குப் பலகை யாரு குடுக்கறதுன்னு முடிவாச்சா?”

“பேசிக்கினு இருக்கோம்.”

“பேசுங்க, பேசுங்க. அதுக்குள்ள ஏரியே காலியாயிடும்.”

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பலகை வந்துவிடும். பேசியவர்களுக்கே ஏரிக்குக் கீழே நிலம் இருந்தது. ஒழுகியது அவர்கள் தண்ணீர். அந்தக் கூட்டங்களின் செயல்திறனைப் பற்றி இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கண் பனிக்கப் பேசுவார்கள். யார் பேசலாம் என்பதை நாலு பேராகச் சுருக்கிவிட்டால் எந்தச் சபையும் சுறுசுறுப்பாகத்தான் நடக்கும்.

பள்ளிக்கூடத்தில் எங்களை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்ததையும், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னதையும், சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று வேலையைப் பங்கிட்டதையும் வாத்தியார் பூரித்துப் போய்ச் சொல்வார். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் வர முடியாது. இந்த இடத்தில் வாத்தியார் குரலை உயர்த்துவார்.

குரலை உயர்த்தாமல் கடந்துபோன பகுதியும் அதே சுவரில்தான் இருக்கிறது. குடத்துக்குள் பெயர் போக வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்திலிருந்து எழுபதுக்குள் இருக்க வேண்டும், வேதம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். அது பிரமதேயத்துச் சபை, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. 2020-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். பெருமைதான். ஆனால் எங்கள் வகுப்பிலிருந்து அன்றைக்கு அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்த பையன்களில் ஒருவன் வீட்டுப் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது.

அப்புறம் சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். நிலம் வேண்டாம், வீடு வேண்டாம், வேதம் வேண்டாம். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. தலைவர் கூட்டாவிட்டால் மாவட்ட ஆட்சியர் கூட்டலாம். தமிழ்நாடு அதற்கு மேலும் ஒரு படி போய் நாளே குறித்துக் கொடுத்தது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. தாமதமாக வந்த புண்ணியம் என்றாலும் பெரிய புண்ணியம். இதில் நான் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை.

கிண்டல் நாள்காட்டியில் இருக்கிறது. இந்த நான்கு நாளும் டாஸ்மாக் கடைக்கும் விடுமுறை. ஊர் தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்து அரசு கருத்துக் கேட்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். விளைவு, சாராயக் கடையை மூட வேண்டும் என்று ஊர் ஊராகப் போடுகிற தீர்மானங்கள் எல்லாம், அந்தக் கடை ஏற்கெனவே மூடியிருக்கிற நாளில் நிறைவேறுகின்றன. மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்துவிடும். 2022-இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஐயும், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறு கூட்டம் ஆக்கினார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு நாளும் கடை உண்டு.

தண்டோராவும் ஓய்ந்தது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் இறையன்பு அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்றார். எங்கள் ஊரில் அதற்கு வெகுகாலம் முன்பே தமுக்கு ஓய்ந்திருந்தது. அந்தப் பெரியவரின் பேரன் இப்போது வார்டு உறுப்பினர். கூட்ட அறிவிப்பை அவரே வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். எல்லாத் தெருவுக்கும் போகிறது.

கூட்டம் நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். காலையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு, பதினொரு மணி என்று போட்டிருக்கும். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக். முதலில் வருவது வருகைப் பதிவேடு. காரணம், குறைவெண். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். இந்த எண்ணிக்கையை நிரப்புவது பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். “வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்கக்கா, நாளைக்கு வேலை இருக்கு இல்ல?” என்று பணித்தளப் பொறுப்பாளர் அன்பாகச் சொன்னால், அதில் எது அன்பு, எது மிரட்டல் என்று பிரித்துப் பார்க்க ஒருவரும் மெனக்கெடுவதில்லை. எங்கள் ஆயா திண்ணையோடு நின்றது. இந்தப் பெண்கள் பந்தலின் முன்வரிசைவரை வந்துவிட்டார்கள். கையெழுத்தும் போடுகிறார்கள். பேச்சு மட்டும் இன்னும் மைக் வைத்திருப்பவரிடம் இருக்கிறது.

அடுத்து பற்றாளர் வருவார். ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூட்டத்தைப் பார்வையிட அனுப்பப்படும் அலுவலர் அவர். ஒரே நாளில் தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளிலும் கூட்டம் என்பதால், கையில் அகப்படுகிற அலுவலரெல்லாம் எங்காவது ஒரு பந்தலில் பற்றாளராக உட்கார்ந்திருப்பார். அவருக்கு அது விடுமுறை நாள். அந்த வருத்தம் முகத்தில் தெரியும்.

பொருள் பட்டியல் சென்னையிலிருந்து வரும். வரவு செலவுக்கு ஒப்புதல், டெங்கு தடுப்பு, குடிநீர் இணைப்பு, நெகிழி ஒழிப்பு, நூறு நாள் வேலை, மழைக்கால முன்னெச்சரிக்கை. கன்னியாகுமரிப் பக்கத்து ஊருக்கும் எங்கள் ஊருக்கும் கவலைகள் வரிசை எண் மாறாமல் ஒரேமாதிரி இருக்கும். செயலர் படிப்பார். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, காதில் விழும். எந்த ஊர் என்று மட்டும் புரியாது. ஒவ்வொரு பொருளுக்கும் பிறகு “எல்லாருக்கும் சம்மதமா?” என்று ஒரு கேள்வி. சம்மதம் இல்லை என்பவர் எழுந்து நிற்பதற்குள் அடுத்த பொருள் பாதி போயிருக்கும். தீர்மானப் புத்தகத்தில் சில பக்கங்கள் முந்தின நாளே எழுதப்பட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கையெழுத்து அழகாக, அவசரமில்லாமல் இருக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஒருமுறை கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்தான்.

“தலைவரே, தெருவிளக்குக்கு எழுதியிருக்கிற தொகைக்கு எத்தனை விளக்கு வாங்கினீங்க?”

தலைவரம்மா வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அவர் வீட்டுக்காரர் பதில் சொன்னார்: “தம்பி, நீ யாரு வூட்டுப் பையன்?”

கணக்குக் கேட்டவனிடம் பரம்பரை விசாரிப்பது எங்கள் மாவட்டத்துக்குப் பழைய வழக்கம்தானே. கல்வெட்டில் கணக்குக் காட்டாதவனின் சொந்தக்காரர்களை எண்ணினார்கள். இங்கே கணக்குக் கேட்டவனின் சொந்தக்காரர்களை எண்ணுகிறார்கள். பையன் உட்காரவில்லை. எத்தனை விளக்கு என்பது கடைசிவரை வெளிவரவுமில்லை. ஆனால் தன் கேள்வியைப் புத்தகத்தில் எழுதும்வரை நின்றான். பற்றாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எழுதுங்கள் என்றார்.

தலைவரம்மாவின் நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-இல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் திருத்தப்பட்டது. தாழ்த்தப்பட்டவர்களுக்கும் தலைவர் பதவி ஒதுக்கீடு உண்டு. சட்டம் நாற்காலி கொடுத்தது. உட்கார விடுவது ஊரின் வேலை என்று விட்டுவிட்டது. அந்த ஒதுக்கீட்டை எதிர்த்து மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996-இலிருந்து பத்து ஆண்டு தலைவர் தேர்தலையே ஒழுங்காக நடத்தவிடவில்லை. 2006-இல்தான் நடந்தது. 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சர் போய் உட்கார்ந்தார். நடுவில் 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தாழ்த்தப்பட்ட சமூகத்து ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளியானது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கண் பனிக்கும் அந்தக் கோயில் மேடைதான் அங்கே நாற்காலியாக மாறியிருந்தது.

கூட்டத்தை நடத்தாமல் விடுவதும் ஒரு கலை. 2020 அக்டோபர் 2 கூட்டம் கொரோனாவைச் சொல்லி ரத்தானது. பேருந்து ஓடியது, கடைவீதி திறந்திருந்தது, சபை மட்டும் கூடக் கூடாது. அந்த டிசம்பரில் அன்றைய எதிர்க்கட்சி ஊர் ஊராகச் சொந்தமாகவே சபை கூட்டிற்று. அந்தக் கட்சிதான் அடுத்து ஆட்சிக்கு வந்து கூட்டத்தை ஆறாக்கியது. 2025 ஜனவரியில் இருபத்தெட்டு மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள்.  எனக்கு இது பழகிய படம்.

இத்தனைக்குப் பிறகும் இன்றைய கூட்டத்துக்கே என் ஓட்டு. 2024-இல் தீபாவளியை ஒட்டி வந்த நவம்பர் 1 கூட்டத்தை அந்த மாதம் 23-க்குத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் நவம்பர் 7 அன்று மதுரை மேலூர்ப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்துவிட்டது. சொன்ன தேதியில் கூட்டம் நடந்திருந்தால் டெங்குவோடு முடிந்திருக்கும். தள்ளிப்போனதால் அரிட்டாபட்டியும் சுற்றுவட்டார ஊர்களும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் அதையே சொன்னது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானத்தால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தே போனார்கள். எங்கள் பக்கத்து ஏகனாபுரம், பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022-இலிருந்து தீர்மானத்தின் மேல் தீர்மானமாகப் போட்டது. அங்கே திட்டம் நிற்கவில்லை. ஆனால் ஊர் ஒப்புக்கொண்டது என்று ஒருவராலும் எழுத முடியவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பேசியதற்கு இப்படி ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போவீர்களானால் ஒன்று செய்யுங்கள். பந்தலுக்குள் நுழைந்ததும் பதிவேட்டை நீட்டுவார்கள். வந்ததற்குக் கையெழுத்துப் போடுங்கள், தீர்மானத்துக்குப் போடாதீர்கள். கடைசித் தீர்மானம் உங்கள் கண் முன்னால் எழுதி முடிக்கப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்ட பிறகு போட்டால் போதும். உங்கள் கேள்வியை எழுத மாட்டோம் என்றால், எழுத மாட்டோம் என்று சொன்னதை எழுதச் சொல்லுங்கள். நகலும் கேளுங்கள்.