பொருள்: இரவு ஷிஃப்ட் தொடர்பாக

பெறுநர்: தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள், சேலம்.

அனுப்புநர்: ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், சுவர்ணபுரி வட்டாரத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் மாணவ மாணவியர்.

ஐயா,

பள்ளிக் கல்வித் துறைக்குப் போக வேண்டிய மனு வழிதவறி வந்துவிட்டது என்று தங்கள் எழுத்தர் இதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். முகவரி சரிதான். கல்வித் துறையிடம் தேர்ச்சி விழுக்காடு இருக்கிறது, வருகைக் கணக்கு இருக்கிறது, எந்தப் பள்ளியில் எத்தனை சென்டம் என்ற பட்டியலும் இருக்கிறது. ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் கேட்கிற அலுவலகம் தங்களுடையது மட்டும்தான் என்று மனுதாரர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை அவர்கள் ஆசை ஆசையாகப் படித்தார்கள். டெஸ்ட் கிடையாது என்பதால் சீக்கிரம் புரிந்தது. வயது வந்த தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. கூடுதல் நேரம் பார்த்தால் இரட்டைச் சம்பளம். 14 வயது முடிந்து 15 நிறையாதவர் நாலரை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, அதுவும் இரவில் கூடவே கூடாது. பெரியவர்களுக்குச் சமமாக வேலை பார்க்கலாம் என்று மருத்துவச் சான்று வாங்கிய 16 வயதுப் பிள்ளையைக்கூட மாலை 7 மணிக்கு மேல் இயந்திரத்தின் பக்கம் நிறுத்த முடியாது. மாலை 7 மணி! அப்போதுதான் நாலு ரோட்டுப் பக்கம் டியூஷனில் இரண்டாவது பேட்ச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறது.

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டனவே, இன்னும் பழைய சட்டத்தைப் பிடித்துத் தொங்குகிறார்களே என்று தாங்கள் நினைக்கலாம். மனுதாரர்கள் எதையும் பழைய வினாத்தாளை வைத்துப் பயிற்சி எடுத்தே பழகியவர்கள். மன்னிக்கவும்.

இனி வேலை நேரக் கணக்கு. காலை எட்டு மணிக்கு வேன். மாலை நாலரைக்குப் பள்ளி முடிந்ததும் ஐந்தரை வரை ஸ்பெஷல் கிளாஸ். ஆறு மணிக்கு இயற்பியல் டியூஷன், ஏழே காலுக்குக் கணிதம். எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, புத்தகத்தைத் திறக்கும்போது ஒன்பதரை. வீட்டுப்பாடம் என்று டைரியில் எழுதியிருப்பது அதற்குப் பிறகுதான் ஆரம்பம். நள்ளிரவில் விளக்கு அணைகிறது. மொத்தம் பதினாறு மணி நேரம்.

பதினாறு என்பது நாமக்கல் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த எண். முட்டைக் கோழிக்குப் பகல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேரம் கொடுப்பது பண்ணை வழக்கம். மீதி எட்டு மணி நேரம் இருட்டு. விளக்கை அணைக்க நேரம் காட்டும் கருவியே வைத்திருக்கிறார்கள். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்னது. நள்ளிரவில் படுத்து ஐந்தரைக்கு அலாரம் அடித்தால் எத்தனை என்று தாங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதே நாமக்கல் மாவட்டத்தின் ராசிபுரத்தையும் திருச்செங்கோட்டையும் சுற்றியுள்ள பள்ளி ஹாஸ்டல்களில் அலாரத்துக்குப் பதில் வார்டன் இருக்கிறார் என்பது கூடுதல் தகவல்.

படிப்பு வேறு, உற்பத்தி வேறு என்று தாங்கள் ஆட்சேபிக்கலாம். சட்டத்தின் இரண்டாவது பிரிவைப் பாருங்கள். விற்பனைக்காகவோ அனுப்பி வைப்பதற்காகவோ ஒரு பொருளை உருவாக்குவது, மாற்றியமைப்பது, அலங்கரிப்பது, மெருகிடுவது, பொதி கட்டுவது எல்லாமே உற்பத்தி முறைதான். ஜூன் மாதம் உள்ளே போகிற பையனும் மார்ச்சில் வெளியே வருகிற பையனும் ஒரே ஆள் என்று அவன் பாட்டியே நம்ப மறுக்கிறார். மே மாதம் ரிசல்ட் வந்ததும் ஐந்து ரோடு ஃபிளெக்ஸ்களில் மதிப்பெண்ணோடு முகங்கள் வரிசையாகத் தொங்கும். அடுத்த ஆண்டு அட்மிஷன் அதை வைத்துத்தான் நடக்கும். மின்சக்தியோடு பத்துப் பேர் வேலை பார்த்தால் பழைய சட்டப்படி தொழிற்சாலை. மனுதாரர்களின் வகுப்பில் அறுபது பேரும் நாலு மின்விசிறியும் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான்: இந்தத் தொழிற்சாலையில் கூலியைத் தொழிலாளியின் அப்பா கட்டுகிறார்.

பெரியவர்கள் விஷயத்தில் நாடு எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதையும் மனுதாரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது என்று அரசு விளக்கிப் பார்த்தது. கூட்டணிக் கட்சிகளே கொதித்தன. மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சென்னையில் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு. தொழிற்சங்கம் கூப்பிட்டால் பத்து நாளில் அரசு இறங்கி வருகிறது. மனுதாரர்களுக்குச் சங்கம் கிடையாது. வாட்ஸப் குரூப் உண்டு, அதில் அட்மின் வகுப்பாசிரியர்.

எழுத்தில் பார்த்தால் இவர்களுக்கும் வரம்பு உண்டு. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது, ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் பன்னிரண்டு வரை அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்று சொல்கிறது. ஆசிரியர்கள் கூடிப் பேசி அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்றும் கேட்கிறது. எல்லாம் அந்தக் கூடிப் பேசுவதில்தான் நிற்கிறது. பிளஸ் டூவில் ஆறு பாடம். தமிழ் ஐயா கொடுப்பது ஒரு நெடுவினாதான், அரை மணி நேரம். ஆங்கிலம் மிஸ் கொடுப்பது ஒரே ஒரு ஒர்க் ஷீட், அரை மணி நேரம். வேதியியலுக்கு நாளைக்கு ஸ்லிப் டெஸ்ட், புக் பேக் ஒன் வேர்டு மட்டும். கணிதத்தில் ஒரு எக்சர்சைஸ். உயிரியலுக்குப் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். இயற்பியலுக்கு ரெக்கார்ட் நோட்டு. ஆறு அரை மணியும் சேர்ந்து பள்ளியின் பங்கே மூன்று மணி நேரம். டியூஷன் மாஸ்டர்கள் ஆளுக்கு இருபது கணக்கு தந்து அனுப்புகிறார்கள். நீட் மாட்யூல் தனி. இவர்களில் யாரும் கொடுமைக்காரர் இல்லை. ஒவ்வொருவரும் தன்னுடைய அரை மணியை மட்டும் பார்க்கிறார், அது நிஜமாகவே சின்ன வேலையாகத்தான் தெரிகிறது. கூட்டிப் பார்க்கும் பதவி எந்தப் பள்ளியிலும் இல்லை.

நீதிமன்றம் போனால் என்ன என்று ஒரு மனுதாரரின் மாமா கேட்டார். போயிருக்கிறார்கள். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். நல்ல தீர்ப்பு. மனுதாரர்களில் மூத்தவர்கள் அதற்குள் இரண்டாம் வகுப்பைத் தாண்டிவிட்டார்கள். அதற்கும் முன்னால், மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ஆர்.கே. நாராயண் 1989இல் அங்கே புத்தகப் பையின் பாரத்தைப் பற்றிப் பேசினார். அதைத் தொடர்ந்து யஷ்பால் குழு அமைந்து, பாரமில்லாத கற்றல் என்று 1993இல் அறிக்கை கொடுத்தது. அறிக்கை வந்தபோது மனுதாரர்களின் அம்மாக்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அந்த அம்மாக்கள்தான் இன்று டைரியில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

நாமக்கல் பக்கம் ஒரு தொழில்நுட்பமும் பிறந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே அரைத்தெடுப்பது. மாநில ரேங்குகள் அந்த மாவட்டத்தில் குவிந்தன. இதைத் தடுக்க அரசு 2017இல் ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது, 2017–18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தது. பாடத்தைத் தாண்டிப் போகிற வழி அடைபட்டது, கூடவே ராத்திரி வேலை இன்னொரு வருடத்துக்கு நீண்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு போய்விட்டது. பழைய தொழில்நுட்பம் திரும்பி வருமா என்று ஹாஸ்டல் முதலாளிகளைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு உழைத்து என்ன விளைகிறது? 2012 பிசா ஆய்வில் ஷாங்காய்ப் பிள்ளைகள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வீட்டுப்பாடம் செய்தார்கள், பின்லாந்தில் மூன்று மணிக்கும் குறைவு, கொரியாவிலும் அப்படியே. மூன்றுமே நன்றாகத்தான் எழுதின. வாரத்துக்குச் சுமார் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் கூடுதல் பலன் அனேகமாக இல்லை என்று ஆய்வு நடத்தியவர்கள் எழுதினார்கள். ஷாங்காய் இருக்கும் சீனாவே 2021இல் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புக்கு நாளுக்கு 90 நிமிடம் என்று வரம்பு போட்டது. 2012க்கு முந்தைய பிசா சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலமும் கலந்துகொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தன. அந்த நினைவு விரும்பத்தக்கதல்ல, அடுத்த பத்தி.

ஃபேர்லேண்ட்ஸ் பிள்ளைகளின் புலம்பலில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. ஆய்வாளர் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார். அவர்களுக்கு மேசை இருக்கிறது, தனி அறை இருக்கிறது, பத்து மணிக்குப் பால் கொண்டுவர ஆள் இருக்கிறது. கொண்டலாம்பட்டியில் தறிச் சத்தத்துக்கு நடுவில் அதே கணக்கைப் போடுகிற பையனுக்கும், சிவதாபுரத்தில் கொலுசுக்குச் சலங்கை வைத்துக் கொடுத்துவிட்டு நோட்டைத் திறக்கிற பெண்ணுக்கும் அதே அரை மணி ஒன்றரை மணியாகிறது. மறுநாள் காலை இம்போசிஷனும் அவர்களுக்குத்தான். ஆய்வைத் தயவுசெய்து அங்கிருந்து தொடங்கவும்.

கோரிக்கைகள் பெரிதாக இல்லை. சட்டப்படி தொழிற்சாலை வாசலில் வேலை நேர அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். அதேபோல் ஒவ்வொரு வகுப்பின் பலகையிலும் அன்றைய வீட்டுப்பாட நேரத்தின் கூட்டுத்தொகையை எழுதச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் நிரம்பிய பிறகு வருகிற ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டுக்குப் பதில் விடுமுறை வேண்டும். திடீர்ச் சோதனைக்கு வருவதாக இருந்தால் இரவு எட்டரை மணிக்குச் சாரதா கல்லூரிச் சாலைக்கு வரலாம். டியூஷன் விடுகிற நேரம். பைக்கை நிறுத்த மட்டும் இடம் கிடைக்காது.

மனுவில் மாணவர்களின் கையொப்பம் இல்லை. நாளைக்கு வேதியியல் ஸ்லிப் டெஸ்ட் இருப்பதால் கையெழுத்துப் போட நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். டைரியோடு சேர்த்து இதிலும் அம்மாக்களே போட்டிருக்கிறார்கள்.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், சேலம் (தகவலுக்காக மட்டும், நடவடிக்கைக்காக அல்ல. ஸ்பெஷல் கிளாஸ் கூடிவிடும்).