புத்தகத்தை முந்திய பிரபு

கேள்வி: 'டிராகுலா' முதலில் வந்தது நாவலாகவா, நாடகமாகவா?

பதில்: எழுதியது நாவல், முந்திக்கொண்டது நாடகம்! பிராம் ஸ்டோக்கர், லண்டன் லைசியம் தியேட்டரின் மேலாளர். நாடக உரிமை கைநழுவக் கூடாதென்று, 1897 மே 18 அன்று அங்கேயே அவசரமாகக் கதையை மேடையில் வாசிக்கவைத்தார். புத்தகம் சில நாள் கழித்தே கடைக்கு வந்தது. முறையான நாடகத்தை ஹாமில்டன் டீன் அரங்கேற்றியது 1924-இல். ஸ்டோக்கர் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு. 1927-இல் லண்டனில் நாடகம் நடந்தபோது, மயங்கி விழுவோருக்காக நர்ஸையும் அரங்கில் நிறுத்தினார்கள். நல்ல விளம்பரம்! அதே ஆண்டு பிராட்வே மேடையில் நடிகர் பெலா லுகோசி டிராகுலா பிரபுவானார். ஆக, கழுத்தைக் கடிக்கும் பிரபுவைவிட, கதையைக் கடத்தும் நாடகக்காரர்களுக்கே ஸ்டோக்கர் அதிகம் பயந்திருக்கிறார்!