ஒலி தேடு படலம்

மடிக்கணினியின் ஒலியளவைக் கூட்டுவதும் குறைப்பதும் சிறுபிள்ளைக்கும் கைவந்த செயல் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவ்வாறு கருதுவோர், அவசரமாக ஒலியைக் குறைக்க வேண்டிய இடத்தில் இன்னும் மாட்டிக்கொள்ளாதவர்கள். ஒலியளவுக் கட்டுப்பாடு என்பது, கருவியிலிருந்து எழும் ஓசை எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பதைக் கேட்பவரே முடிவுசெய்ய உதவும் அமைப்பு எனலாம். இந்த வரையறை வானொலிக்கு முற்றிலும் பொருந்தும், தொலைக்காட்சிக்கு ஓரளவு பொருந்தும். மடிக்கணினிக்கு வரும்போது 'கேட்பவரே' என்பதை எடுத்துவிட்டுத்தான் பொருத்த வேண்டியிருக்கிறது.

வானொலிக் காலத்தில் இந்த அதிகாரம் முழுவதும் ஒரே குமிழில் குடியிருந்தது. அதன் உள்ளே கரிப்பூச்சுத் தடம் ஒன்று வளைவாக அமைந்திருக்க, குமிழைத் திருகும்போது ஒரு தொடுமுனை அத்தடத்தின்மேல் நகர்ந்து மின்தடையை மாற்றும். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் இன்றும் 'வால்யூம் கன்ட்ரோல்' என்று கேட்டால் எடுத்துத் தரும் உறுப்பு அதுவே. பல டிரான்சிஸ்டர் வானொலிகளில் இதே குமிழை இடப்பக்கம் கடைசிவரை திருகினால் 'டிக்' என்ற ஓசையுடன் வானொலியே அணைந்துவிடும். ஒலியைக் குறைப்பதன் இறுதி எல்லை அணைத்துவிடுவதே என்ற தெளிவு அந்த வடிவமைப்பில் இருந்தது. தூசு சேர்ந்தால் குமிழ் கரகரக்கும், மெக்கானிக் துடைத்துத் தருவார், நோயும் மருந்தும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டின. அந்தக் குமிழ் யார் கையில் இருந்ததோ அவரே குடும்பத் தலைவர் என்ற உண்மையைச் சமூகவியலாளர்கள் எப்படி எழுதாமல் விட்டார்கள் என்பது வியப்புக்குரியது.

குமிழில் நுட்பமான அறிவியலும் இருந்தது. மனிதக் காது ஓசையை நேர்விகிதத்தில் அளப்பதில்லை; ஒலியின் திறன் பத்து மடங்கானால்தான் அது ஏறத்தாழ இரு மடங்கு உரத்ததாகத் தோன்றும். இந்தப் பத்து மடங்கு உயர்வையே 10 டெசிபல் என்பர். தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் அமைந்த அலகு அது. காதின் இந்தப் போக்குக்கு ஏற்பவே கரித்தடத்தின் தடை சீராக இல்லாமல், தொடக்கத்தில் மெல்லவும் இறுதியில் விரைந்தும் மாறுமாறு செய்யப்பட்டது. காதின் பலவீனத்தை அறிந்து அதற்கு இசைந்து நடந்த அந்தச் சிறு உறுப்பு, பின்னால் வந்த பல மென்பொருள்களைவிட நாகரிகம் வாய்ந்தது.

தொடக்ககால மடிக்கணினிகள் இந்த மரபை முற்றிலும் கைவிடவில்லை. தோஷிபாவின் சேட்டிலைட் வரிசையில் பல மாதிரிகளின் முன்விளிம்பில், கட்டைவிரலால் உருட்டத்தக்க சிறு சக்கரம் ஒன்று இருந்தது. ஐபிஎம் திங்க்பேடில் விசைப்பலகைக்கு மேலே ஒலிக்கென்றே தனிப் பொத்தான்கள் இருந்தன. கணினிகள் மெலியத் தொடங்கியபோது சக்கரம் முதலில் போயிற்று, பிறகு தனிப் பொத்தான்களும் பெரும்பாலும் போயின. ஒலியளவு, விசைப்பலகையின் மேல் வரிசையில் எஃப் 1 முதல் எஃப் 12 வரை உள்ள விசைகளிடம் ஒண்டுக்குடித்தனம் புகுந்தது.

இங்கேதான் தேடல் தொடங்குகிறது. அவ்விசைகளில் கடுகளவு ஒலிபெருக்கிப் படங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அலைக்கோடு ஒன்றிருந்தால் குறைப்பது, இரண்டு மூன்றிருந்தால் கூட்டுவது, குறுக்குக் கோடோ பெருக்கல் குறியோ இருந்தால் வாயை அடைப்பது என்று பொருள். மூக்குக் கண்ணாடி அணியும் வயதினருக்கு இம்மூன்றும் ஒன்றுபோலவே தெரியும் என்பதை வடிவமைத்த இளைஞர்கள் எண்ணிப் பார்த்திருக்க நியாயமில்லை. லெனோவாவின் பல மாதிரிகளில் எஃப் 1, 2, 3 ஆகியவை இப்பணியைச் செய்ய, ஆப்பிள் மேக்புக்கில் எஃப் 10, 11, 12 செய்கின்றன; ஒரு கணினியில் பழகிய விரல், இன்னொன்றில் ஒலியைக் கூட்டப்போய்த் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, மின்சாரம் போய்விட்டதோ என்று விளக்கை நிமிர்ந்து பார்க்கிறது.

சிக்கல் அத்துடன் முடிவதில்லை. எஃப்என் என்று குறிக்கப்பட்ட விசை ஒன்று கீழ்வரிசையின் இடக்கோடியை ஒட்டி இருக்கிறது. மேல் வரிசை விசை தன் பழைய தொழிலைச் செய்வதா, படத்தில் கண்ட புதிய தொழிலைச் செய்வதா என்பதை அதுவே முடிவுசெய்கிறது. எது இயல்பான தொழில், எது எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்தினால் மட்டும் நடப்பது என்பதைப் பல கணினிகளில் மாற்றியமைக்கலாம். அந்த அமைப்பு சிலவற்றில் பயாஸில், அதாவது கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளில், பத்திரமாக ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. இதன் விளைவை முழுமையாக அனுபவிப்பவர்கள் கணக்கர்கள். எக்செல் கட்டத்திலுள்ள எண்ணைத் திருத்த எஃப் 2 விசையை அழுத்துவது அவர்களுக்கு மூச்சு விடுவதைப் போல் வழக்கமானது. அந்த விசையே ஒலியைக் குறைக்கும் கணினி வாய்த்தால், ஒவ்வொரு திருத்த முயற்சிக்கும் ஒலி இரண்டிரண்டு புள்ளியாகத் தேய்ந்து, ஆண்டிறுதிக் கணக்கு முடியும் நேரத்தில் கணினி மௌன விரதத்தில் இருக்கும். கட்டத்திலுள்ள எண் மட்டும் திருந்தியிருக்காது.

இரண்டிரண்டு புள்ளி என்பதும் கவனத்துக்குரியது. விண்டோஸில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒலி 2 புள்ளி நகரும்; பூச்சியத்திலிருந்து நூறை அடைய 50 அழுத்தங்கள் தேவை, விசையை விடாமல் பிடித்திருந்தால் அது கட்டுக்கடங்காமல் ஏறும். மேக்கில் மொத்தமே 16 படிகள். குழந்தை உறங்கும் அறையில் படம் பார்ப்பவருக்கு ஒரு படி கீழே வசனம் கேட்காது, ஒரு படி மேலே குழந்தை விழித்துக்கொள்ளும். ஷிஃப்ட், ஆப்ஷன் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி ஒலிவிசையை அழுத்தினால் கால்படியாக நகரும் என்ற வசதி அதில் உண்டு. ஆனால் அதைச் செய்ய வேண்டிய கைகளில் ஒன்று அந்நேரம் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

விசையைக் கண்டுபிடித்து அழுத்தியும் ஒலி வராத நிலையே இந்த ஆராய்ச்சியின் சாரமான பகுதி. மடிக்கணினியில் ஒலியளவுக் கட்டுப்பாடு ஒன்றல்ல. யூடியூப் போன்ற தளத்தின் காணொளிக்கு ஒன்று, உலாவியில் அந்தத் தாவலை மட்டும் ஊமையாக்க ஒன்று, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக அளவு வைக்கும் மிக்ஸரில் ஒன்று, கணினி முழுமைக்கும் பொதுவாக ஒன்று, காதில் மாட்டும் புளூடூத் கருவியில் மேலும் ஒன்று எனக் காவிரியின் மடைகளைப்போல் அவை வரிசையாக நிற்கின்றன. மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டாலும் நடுவில் ஒரு மடை அடைத்திருந்தால் கடைமடைக்கு நீர் வராது, இங்கே கடைமடை என்பது காது. மூன்று இடங்களில் ஆளுக்குப் பாதியாகக் குறைத்திருந்தால் எட்டில் ஒரு பங்கே மிஞ்சும். செயலிவாரியான மிக்ஸரை விண்டோஸ் விஸ்டா கொண்டுவந்தது. அந்த விஸ்டா 2007-இல் கடைக்கு வந்த நாள்முதல், என்றோ யாரோ ஒரு செயலியைப் பூச்சியத்தில் வைத்துவிட்டு மறந்துபோக, கணினி மட்டும் அதை மறக்காமல் போற்றிக் காத்துவருவது வழக்கமாயிற்று. அடைத்த மடையை எதிரிலுள்ளவர் அறிய வழியில்லை. பொது அளவு நூறைக் காட்டும், வீடு நிசப்தமாக இருக்கும். பணிப்பட்டையின் வலக்கோடியிலுள்ள ஒலிபெருக்கிப் படத்தின்மேல் வலச்சொடுக்குச் செய்தால் மிக்ஸர் திறக்கும் என்பது தெரியாமல், நல்ல கணினியைப் பழுது பார்க்கத் தூக்கிச் சென்றவர்கள் பலர் இருக்கக்கூடும்.

இந்த மடைகளில் ஒன்றுகூட மேலே விடுபட்டதைக் கூட்டித் தராது என்ற பொதுவிதிக்கு விஎல்சி என்னும் காணொளி இயக்கி விலக்கு. அதன் அளவுகோல் நூறைத் தாண்டி 125 விழுக்காடு வரை செல்கிறது. நூற்றுக்கு நூற்றிருபத்தைந்து மதிப்பெண் வாங்கும் அந்த ஒலி, அப்படி மதிப்பெண் வாங்கும் பிள்ளையைப் போலவே சற்றுக் கரகரத்த குரலில்தான் பேசும்.

ஒலி எங்கே போகிறது என்பதும் தனிக் கேள்வி. வெளியீட்டுக் கருவி என்பது கணினி தன் ஓசையை ஒப்படைக்கத் தேர்ந்துகொண்ட ஒலிபெருக்கி. எச்டிஎம்ஐ கம்பியால் புரொஜெக்டரை இணைத்ததும் பல கணினிகள் படத்தோடு ஒலியையும் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே அனுப்பிவிடுகின்றன. பள்ளி ஆண்டு விழாவில் திரையில் பிள்ளைகள் வாயசைக்க, ஆம்ப்ளிஃபயர்காரர் இருக்கும் குமிழையெல்லாம் முழுக்கத் திருகி வெறும் இரைச்சலை மட்டும் மாவட்டம் முழுவதற்கும் வழங்கிக்கொண்டிருக்க, உண்மையான ஒலி, கூரையில் தொங்கும் புரொஜெக்டரின் சிறிய ஒலிபெருக்கியில் யாருக்கும் கேட்காமல் பாடிக்கொண்டிருக்கும். கணினி தன் கடமையைச் செவ்வனே செய்திருப்பதால் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

2020-இல் அலுவலகங்களும் வகுப்பறைகளும் திரைக்குள் குடியேறியபோது, இந்த விவகாரம் கேட்பவர், பேசுபவர் ஆகிய இரு தரப்புக்கும் உரியதாயிற்று. "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க" என்பது அந்த ஆண்டின் தேசிய வாக்கியமாகத் தகுதி பெற்றது. மியூட் விசையில் சிறுவிளக்கு ஒன்று எரியும் கணினிகளும் உள்ளன. விளக்கு எரிந்தால் ஒலி உண்டு என்று பொருளா, ஒலி அடைபட்டது என்று பொருளா என்பதில் புதிதாக வாங்கியவர் குழம்புவது இயல்பு. பெரும்பாலும் இரண்டாவதே சரி. இவை போதாதென்று, உரையாடல் ஏதோ நடப்பதாக உணர்ந்தால் பிற ஒலிகளை 80 விழுக்காடு குறைத்துவிடும் பணிவும் விண்டோஸுக்கு உண்டு. பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகளை அதட்டும் அக்கால அத்தையின் குணம் அது. பாட்டு திடீரென்று கிசுகிசுப்பாக மாறக் காரணம் தெரியாதவர் ஒலியை ஏற்றி வைப்பார். அழைப்பு முடிந்ததும் பாட்டு தெருவையே எழுப்பும்.

அனைத்தும் சரியாக அமைந்தாலும் உடல்கூறு ஒன்று மிச்சமிருக்கிறது. இடநெருக்கடியால் பல மாதிரிகளில் ஒலிபெருக்கிகள் கணினியின் அடிப்பக்கத்தில், தரையைப் பார்த்து வைக்கப்படுகின்றன. மேசைமேல் வைத்தால் ஓசை மோதித் திரும்பி ஓரளவு கேட்கும், மடியில் வைத்தாலோ வேட்டிக்குள்ளோ புடவை மடிப்புக்குள்ளோ போய் அடங்கிவிடும். விரல்நகமளவு ஒலிபெருக்கியால் தாழ்ந்த சுரங்களுக்கு வேண்டிய அளவு காற்றை அசைக்க முடியாது என்பதால், கச்சேரி கேட்பவருக்கு மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் கேட்கும், தொப்பியின் கும்கி கேட்காது. இதை ஒலியளவை ஏற்றிச் சரிசெய்ய முயல்வது வீண், ஏறுவது தம்புராவும் இரைச்சலும்தான்.

தயாரிப்பாளர்களுக்கு வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்றே: கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடி உருட்டத்தக்க அந்தச் சிறு சக்கரத்தைத் திருப்பித் தாருங்கள். அது வரும்வரை, கணினியின் பொது அளவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, பார்க்கும் செயலியில் மட்டும் கூட்டிக் குறைப்பது தேடலைப் பெருமளவு மிச்சப்படுத்தும். 80 டெசிபல் ஓசையை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வரம்பு வகுத்திருக்கிறது. ஆகவே ஒலி வராத கணினியில் ஒவ்வொரு மடையாகத் திறந்து பார்க்கப் புறப்படுபவர், அதற்கு முன் இயர்போனைக் காதிலிருந்து கழற்றிவிட வேண்டும்.