தேதி குறிப்பிடாமல்…

கேள்வி: 'தீர்ப்பு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்று அடிக்கடி படிக்கிறோம். வாதம் முடிந்த பிறகும் உச்ச நீதிமன்றத்துக்கு என்ன வேலை?

பதில்: வாதம் முடிந்தது என்றால் காய் நறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். உலை வைப்பது இனிமேல்தான்!

கேசவானந்த பாரதி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 13 நீதிபதிகள், 68 நாள் வாதம். 1973 மார்ச் 23-ல் வாதம் முடிந்தது. ஏப்ரல் 24-ல் தீர்ப்பு. மறுநாள் தலைமை நீதிபதி சிக்ரிக்கு ஓய்வு. ஓரிரு நாள் தவறியிருந்தால் அந்த அமர்வே கலைந்திருக்கும். அந்த அவசரத்திலும் 11 தனித்தனித் தீர்ப்புகள் எழுதினார்கள். அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் அசைக்க முடியாது என்ற காவல் நமக்குக் கிடைத்தது அன்றுதான்.

ஆகவே, யோசிக்க அவகாசம் தேவை, மறுக்கவில்லை. ஆனால் மகன் சிறையில் இருக்க, நாளைய வழக்குப் பட்டியலை ராத்திரி செல்போனில் தள்ளித் தள்ளிப் பார்த்து, 'தீர்ப்புக்காக' என்ற தலைப்பின் கீழ் தன் வழக்கு எண்ணைத் தேடும் தாய்க்கு ஒவ்வொரு நாளும் ஒரு யுகம்.

2001-ல் அனில் ராய் வழக்கில் உயர் நீதிமன்றங்களுக்கு உச்ச நீதிமன்றமே கெடு வைத்தது. வாதம் முடிந்து 3 மாதத்தில் தீர்ப்பு வராவிட்டால் கட்சிக்காரர் மனுப் போடலாம். 6 மாதமானால் வேறு அமர்வு கேட்கலாம். நல்ல கெடு. அதை உச்ச நீதிமன்றம் தனக்கும் விதித்துக்கொள்ள வேண்டும்.