பல்லவியோடு சரி

அவர் வீட்டில் காபி கிடைக்கும், பாட்டு கிடைக்காது. கிடைப்பது பல்லவி மட்டும். ஒரே பல்லவி ஐந்து தடவை, ஐந்து ஆம்ப்ளிஃபயரில்.

முகப்பேர் ஏரித் திட்டத்தில் ஒருவர், நொளம்பூரில் ஒருவர், பாடியில் ஒருவர் என்று இந்த ஆம்ப் பைத்தியங்கள் எங்கும் இருக்கிறார்கள். டிசம்பர் சீசனில் சபா பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஹாலில் எதிரொலி அதிகமாம். ரிச்சி தெருவுக்கு மட்டும் சனிக்கிழமை தவறாது. நம்ம முகப்பேர்க்காரரிடம் ஸ்பீக்கர் ஒரே ஜோடிதான். "இன்னொரு ஜோடி உள்ளே வந்தா நான் வெளியே" என்று வீட்டம்மா சொன்ன நாள் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆம்ப்புக்கும் சேர்த்து ஒரு தடையுத்தரவு போட அன்றைக்கு அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் உள்ளே வந்தன: கல்கத்தா சோனோடைன், காலாவதியான காஸ்மிக், 1978-ல் அறிமுகமாகி இருபது வாட்டிலேயே பேர் வாங்கிய என்ஏடி 3020, ஒரு மராண்ட்ஸ், அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றக் கொடுத்துத் தன் கையாலேயே பூட்டிய வால்வு ஆம்ப்.

வால்வு ஆம்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஃபேன் காற்று எடுபடாது. குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க அவர் மனைவி பாத்திரத்தை வைப்பது அதன் பக்கத்துத் தட்டில்தான். ஐந்தில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது அந்த அம்மாவின் தீர்ப்பு.

இத்தனைக்கும் நடுவில் ஓர் இரும்புப் பெட்டி, அதில் ஒரு குமிழ். திருப்பினால் ஸ்பீக்கர் ஓர் ஆம்ப்பை விட்டு இன்னொன்றுக்குப் போகும். குமிழின் அருமையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். இரண்டு ஆம்ப்பின் அவுட்புட் ஒன்றையொன்று கண்ணிமைக்கும் நேரம் தொட்டாலும் டிரான்சிஸ்டர் காலி. ஆகவே பழைய தொடர்பு முழுதாக அறுந்த பிறகே புதியது சேர வேண்டும். பிளஸ்ஸை மட்டும் மாற்றி மைனஸைப் பொதுவாக விடும் சோம்பேறிப் பெட்டிகள் கடையில் உண்டு. சில ஆம்ப்பில் மைனஸ் என்பது எர்த்தே கிடையாது, அதனால் இரண்டையும் மாற்றுவதுதான் முறை. வால்வு ஆம்ப்பை லோடு இல்லாமல் ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்பீக்கர் வேறு வீடு போயிருக்கும் நேரத்துக்கு அதற்கு எட்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்று துணை. எல்லாம் சத்தியமான உண்மை. மனிதர் வேலை தெரிந்தவர்தான், வம்பே அதுதான்.

"உட்காருங்க தம்பி. அங்க இல்ல, இந்தச் சேர்ல. தலையக் கொஞ்சம் பின்னாடி. ம்... இப்பக் கேளுங்க."

பாட்டு தொடங்கும். பல்லவி முடிந்து, இடையிசையில் வயலின்கள் எழும் நேரத்தில் 'டக்'.

"இப்ப இது. தெரியுதா?"

பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் என்ன சொல்ல முடியுமோ அதைத்தான் இங்கும் சொல்ல முடியும். தெரியவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து போடுவார். தெரிகிறது என்றால் "என்ன தெரியுது?" என்பார். "குரல் கொஞ்சம் முன்னாடி வந்து நிக்குது" என்று ஒரு வாக்கியத்தை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். எந்த ஆம்ப்புக்கும் பொருந்தும், முகம் மலர்ந்துவிடும். புதிதாக மாட்டுபவர்கள் யாரும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். ஜெயிப்பது எப்போதும் கடைசியாக வாங்கியதுதான். அதன் வால்யூம் மற்றவற்றைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும். திருட்டுத்தனம் இல்லை, கை தானாக அங்கே போகிறது. அரை டெசிபல் கூடினால், அதாவது ஸ்பீக்கர் முனையில் வோல்டேஜ் ஆறு சதவீதம் ஏறினால், காதுக்கு அது சத்தம் கூடியதாகப் படாது. தெளிவு கூடியதாகப் படும். ஒரே சுருதியில் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்து எல்லா ஆம்ப்பையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேச்சே எடுக்க வேண்டும். அவரிடம் மல்டிமீட்டர் மூன்று இருக்கிறது. மூன்றும் கரண்ட் கம்பெனியைக் குறை சொல்லத்தான் பயன்படுகின்றன.

அமெரிக்காவில் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை 1987 ஜனவரியில் இந்த வேலையை முறையாகச் செய்து வெளியிட்டது. விலை மலிந்த ரிசீவரும் உண்டு, பல ஆயிரம் டாலர் வால்வு ஆம்ப்பும் உண்டு. ஒலி அளவைச் சமன்செய்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல், ஆடியோ ஆர்வலர்களையே உட்கார வைத்துக் கேட்டார்கள். பூவா தலையா போட்டுச் சொல்லியிருந்தாலும் அதே மதிப்பெண்தான் வந்திருக்கும். இதை ஒருநாள் அவரிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அங்கெல்லாம் 120 வோல்ட் தம்பி. நம்ம ஊரு 230."

அதிலும் முகப்பேர் கரண்ட் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் சுத்தமாக வருமாம். அக்கம்பக்கத்து மோட்டாரும் கிரைண்டரும் ஓய்ந்த பிறகு வந்து பார், அப்போது தெரியும் என்றார்.

எல்லாம் வேடிக்கைதான். ஆனால் ஒன்றை மட்டும் வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. தமிழில் முதன்முதலாக ஸ்டீரியோவில் பதிவானவை என்று சொல்லப்படும் 1978-ன் 'பிரியா' பாடல்களை அவர் இசைத்தட்டாகவே வைத்திருக்கிறார். அந்தக் காலத்துப் பாட்டென்றால் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பதிவு செய்வது; எங்கோ ஒரு வில் பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. அப்படி வியர்த்து வாங்கியதில் முக்கால் பங்கு சரணங்களிலும் இடையிசையிலும் இருக்கிறது. அதை அறுத்து எறிய இந்த மனிதருக்கு என்ன உரிமை? அவருக்கு இரண்டாவது சரணத்தின் முதல் வார்த்தை தெரியாது. கேட்டுப் பார்த்தேன், "அந்த இடத்துல பேஸ் நல்லா இறங்கும்" என்றார். நல்ல ஸ்பீக்கர், நல்ல தட்டு, சாய்ந்து உட்கார நாற்காலி எல்லாம் இருந்தும், ஒரு பாட்டை முழுசாகக் கேட்க நான் ஷேர் ஆட்டோ டிரைவரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும், போன ஆடியில் தெருமுனை அம்மன் கோயிலில் மைக்செட் காலையிலிருந்து 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டிருந்தபோது நான் ஓடிப்போய்க் கூப்பிட்டது இவரைத்தான். லுங்கியோடு வந்தார். மைக்செட்காரர் பிளேயரை ஓரிடத்திலும் ஆம்ப்பை வேறிடத்திலும் பிளக்கில் செருகியிருந்தார். இரண்டு எர்த்தும் தனித்தனியாகப் போய், நடுவில் கேபிளோடு ஒரு வளையமாகிவிட்டது என்றார். எல்லாவற்றையும் ஒரே போர்டில் செருகினார். உறுமல் நின்றது. விழாக் கமிட்டித் தலைவர் அவர் தோளில் துண்டு போர்த்தினார். கூழ் முதல் சொம்பு அவருக்குத்தான். வெட்கப்பட்டுக்கொண்டே குடித்தார். அன்று அவரைப் பார்க்கவே நன்றாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் மராண்ட்ஸை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. சும்மா இதையும் ஒருதரம் மாத்திப் பார்த்துட்டா..."

"சார், இது நூறு வோல்ட் லைன். கூம்பு ஸ்பீக்கருக்கெல்லாம் உங்க வீட்டு ஆம்ப் ஆவாது" என்றார் மைக்செட்காரர்.

"தெரியும் தம்பி. அதுக்குத்தான் லைன் டிரான்ஸ்ஃபார்மரும் எடுத்துட்டு வந்திருக்கேன்."