மாமூலான கேள்வி அல்ல

கேள்வி: சென்னையின் சாக்கடைத் தண்ணீர் ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு வருகிறதாமே, நிஜமா? (வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: நிஜம். வரும்போது அது சாக்கடையாக இருப்பதில்லை என்பதுதான் விசேஷம்!

கோயம்பேட்டில் ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீரை மறுபடி வடிகட்டி, நுண்சவ்வுகளில் செலுத்தி, பிறகு எதிர்சவ்வூடு பரவல் முறையில் உப்பையும் பிரிக்கிறார்கள். சென்னைக் குடிநீர் வாரியத்தின் இந்த நிலையம் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. அங்கிருந்து குழாய் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது. கொடுங்கையூரில் இதே திறனுள்ள இன்னொரு நிலையம் மணலி ஆலைகளுக்கானது.

இரண்டும் செயல்பாட்டுக்கு வந்தது 2019இல். அந்தக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டியதை யார் மறப்பார்கள்? காரைக் கழுவவும் கொதிகலனுக்கு ஊற்றவும் குடிநீர் எதற்கு?

கழிவுநீரை இப்படி மறுபடி பயன்படுத்துவதைச் சிங்கப்பூர் 2003இலேயே ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் தொடங்கியது. தூசி துளியும் ஆகாத சிப் தொழிற்சாலைகளே அதன் பெரிய வாடிக்கையாளர்கள்.

கடலுக்கும் லாபம் உண்டு: மறுபடி பயன்படும் கழிவுநீர் ஆற்றில் விழாது; ஆறுகள் போய்ச் சேரும் இடம் கடல்தானே. கூவம் நேப்பியர் பாலத்தைத் தாண்டி வங்கக்கடலில் சேர்கிறது. ஒரகடம் பக்கத்து மழைநீரோ அடையாற்றைத் தேடி ஓடுகிறது. தொழிற்பேட்டை தன் கழிவைக் கால்வாயில் விட்டால், பட்டினப்பாக்கத்து மீனவரின் வலையில்தான் அது விடியும்.